வலை உரசும் பக்கம்

செவ்வாய்க்கிழமை, இரவு

சிறுவர் அனிமேஷன் படத்துக்காக நான் கணினியில் வண்ணம் பூசிய மீன்பிடி வள்ளம் இன்று காலையும் திரும்பி வந்துவிட்டது. "இப்பவும் விளையாட்டுச் சாமான் மாதிரித்தான் இருக்கு" என்று இயக்குநர் எழுதியிருந்தார். மாலைக்குள் சரிவராவிட்டால் வேலை வேறு இடத்துக்குப் போய்விடும்.

பக்கத்து மேசைத் தர்சினி எட்டிப் பார்த்தாள். பருத்தித்துறைக்காரி, தகப்பன் கடற்றொழில். எங்கள் ஸ்டூடியோவில் சேர்ந்து ஆறு மாதம்தான்.

"அக்கா, வலை இழுக்கிறது ஒரு பக்கத்தாலைதானே? பிறகேன் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரித் தேஞ்சிருக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. ஒரு பக்கம் பூசினால் மறுபக்கமும் தானாக விழும்படி நான்தான் வைத்திருந்தேன்.

"அப்ப நீயே பூசு பாப்பம்," என்றேன் கோபமாக.

ஆயத்தமாக இருந்த கணினித் தூரிகைகளை அவள் தொடவே இல்லை. தகப்பனின் வள்ளத்தைப் போனில் எடுத்த படத்திலிருந்து புதிதாக ஒரு தூரிகை செய்தாள். வலை உரசும் விளிம்பில் மட்டும் பேனாவை மெல்ல அழுத்தினாள். நீலத்துக்குக் கீழே பழைய பச்சை தெரிந்தது, அதற்கும் கீழே மரம். என் கோபம் போன இடம் தெரியவில்லை. அப்படியொரு கை.

ஐந்து மணிக்கு இயக்குநர் அழைத்தார். "அருமை! கடைசியிலை பிடிச்சிட்டீங்கள்," என்று என்னைப் பாராட்டினார். நான் ஒரு கணம் பேசாமல் இருந்தேன். அந்த ஒரு கணம்தான் இன்னும் உறுத்துகிறது.

"அது நான் இல்லை. தர்சினி," என்றேன் பிறகு.

அவளுக்குக் கேட்டதோ தெரியாது. அடுத்த வள்ளத்தின் அடியில் உப்புப் பூத்த வெள்ளையைப் பூசிக்கொண்டிருந்தாள்.