பக்கத்து வீட்டுச் செல்வி சாப்பிடுவதில்லை

ஆக. 12, செவ்வாய்

மேகம் கூடியும் மழை இல்லை. கேஸ் புக் பண்ண வேண்டும்.

பால் வாங்கித் திரும்பும்போது பக்கத்து வீட்டுச் செல்வி பட்டாசு கம்பெனி வேனிலிருந்து இறங்கினாள். வீட்டுக்குள் போகுமுன் தூக்குவாளிச் சோற்றை நாய்க்குக் கொட்டினாள். மதியச் சோறு, தொடாதது. யாரிடம் மறைக்கிறாள்? புருஷன் கணேசனிடமா? என்னைக் கண்டால் கைகட்டி நிற்பவன். வகுப்பில் அளவுக்கு மீறிக் கைகட்டும் பையனின் பையைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஆக. 14, வியாழன்

மோட்டார் ரிப்பேர். தண்ணீர் இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் கணேசன்: "ரெண்டு வாயாவது சாப்பிடு தாயி." எனக்குக் கேட்கட்டும் என்றா? செல்வியிடம் விசாரித்தேன். வயிறு சரியில்லையாம். நம்பவில்லை. நல்ல பருமனான பெண். இப்போது ஜாக்கெட் தோளில் நிற்கவில்லை. மாத்திரை, பவுடர் ஏதாவது?

ஆக. 16, சனி

செல்வியோடு ஆஸ்பத்திரி. தலைசுற்றல் என்றாள். டாக்டர் எடை மிஷினைப் பார்த்து, "நல்லா குறைஞ்சிருக்கீங்களே, இப்படியே இருங்க" என்றார். தலைசுற்றலைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. கையெழுத்து அழகு என்று தப்புக் கணக்குக்கு மார்க் போட்ட மாதிரி. வெளியே வந்ததும் செல்வி சிரித்தாள். அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

ஆக. 17, ஞாயிறு

சர்ச்சில் கூட்டம். முட்டி வலி.

செல்வியோடு வேலை பார்க்கும் ராணி வந்தாள். செல்வி வீடு பூட்டியிருந்ததால் என்னிடம் பேச்சு. வெடிமருந்து நிரப்பும் அறையில் செல்விக்குக் கதவோரம் இடமாம். "'ஏட்டி, தீப்பிடிச்சா நீ வாசல அடைச்சுக்குவ, நாங்க மூணு பேரும் எங்கன ஓட'ன்னு சும்மா கேலி பண்ணோம் டீச்சர். போர்மேனும் சிரிச்சுட்டு உள்மூலைக்கு மாத்திட்டாரு."

சும்மா கேலி. நான் பாட்டுக்குக் கணேசனைச் சந்தேகப்பட்டுக்கொண்டு.

சாயங்காலம் செல்வியிடமே கேட்டேன். அழவில்லை. "அவளுக சொல்றது நெசந்தான டீச்சர்? என்னால மூணு உசுரு போயிரக் கூடாதுல்ல."

இட்லி வைத்தேன். கை வைக்குமுன் என் முகத்தைப் பார்த்தாள். நானும் சிரிக்கிறேனா என்று. என்னையும் நம்பவில்லை.

ஆக. 18, திங்கள்

காலையில் பேப்பர் எடுக்க வெளியே வந்தால், செல்வி தெருவில் ஓடுகிறாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தெருமுனையிலிருந்து என் கேட் வரை. கணேசன் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறான். காலையிலும் ஒன்றும் சாப்பிடவில்லையாம். கிறுகிறுத்து என் கேட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மூலையிலருந்து வாசலுக்கு வந்து சேந்துருவேன்ல டீச்சர்?"

வேன் ஹார்ன் அடித்தது. அவள் கையைப் பிடித்தேன். உருவப் பார்த்தாள். நான் விடவில்லை.