கொடுத்து வைத்த சாவு

என் அன்புக்குரிய என்னங்க,

பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. இவ்வளவு கோபத்திலும் உங்கள் பெயர் வாயில் வரமாட்டேன் என்கிறது. அதனால் இப்படியே ஆரம்பிக்கிறேன்.

போன வாரம் மலைக்குப் போய்விட்டு வந்தேன். வருஷா வருஷம் நீங்கள் மாலை போட்டு ஏறிய மலை, உங்களைத் திருப்பி அனுப்பாத மலை. பெண்களும் ஏறுகிற இடம்தானே, ஒரு தடவையாவது என்னைக் கூப்பிட்டீர்களா? உங்கள் வருஷத் திவசம் முடிந்ததும் உங்கள் தம்பி மாலை போட்டார். அவருக்கும் உங்களைப் போலவே பிரஷர். தனியாக அனுப்ப மனசில்லாமல் நானும் போட்டுக்கொண்டு அன்னவாசலில் வேன் ஏறினேன்.

குடுமியான்மலைப் படியை நிற்காமல் ஏறிவிட்டு, "எனக்கு ஒடம்புக்கு என்ன கொறச்சல்" என்று மார்தட்டுவீர்களே, அதெல்லாம் இந்த மலைக்கு முன்னால் விளையாட்டு. மூச்சு வாங்கும்போதெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டேதான் ஏறினேன். பொழுது சாயும் நேரத்தில் உச்சிக்குக் கீழே இருக்கிற தகரக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தோம். இரவு தங்கல் அங்கேதான். காற்று தகரத்தைப் பிய்த்துவிடுவது போல அடித்தது. விரித்த சாக்கெல்லாம் ஈரம்.

ஒரு மூலையில் அகல்விளக்கு ஏற்றியிருந்தார்கள். குருசாமி என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார்.

"இங்கிட்டுத்தாம்மா படுத்திருந்தாரு. தலை வலிக்குதுன்னாரு, திருநீறு பூசிவிட்டோம். விடியக்காலம் எழுப்புனா, சாமிகிட்ட போயிட்டாரு. யாருக்குக் கெடைக்கும் இந்தச் சாவு? கொடுத்து வச்சவரு."

ஆளாளுக்கு அந்த இடத்தைத் தொட்டுக் கும்பிட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தலை வலிக்கிறது என்ற மனுஷனிடம் மாத்திரை போட்டாயா என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லையே.

அவர்களைச் சொல்லி என்ன? விரதத்தில் மருந்து வாயில் படக்கூடாது என்று உங்களுக்கு யார் சொன்னது? மாத்திரை அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகிவிட்டு, போட்டேன் போட்டேன் என்று என்னிடம் தலையாட்டினீர்கள். காரியம் முடிந்து படத்தைத் துடைக்கும்போதுதான் அது கீழே விழுந்தது. ஒன்றுகூடக் கிழிக்காத அட்டை. அத்தனை நாளும் அதற்கு முன்னால்தான் நான் விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். சொன்னால் சண்டை போடுவாள் என்றுதானே மறைத்தீர்கள்? சண்டைதானே, போட்டுவிட்டுப் போகிறோம்.

சாப்பிட்டு முடித்ததும் குருசாமி தம்பியைக் கூப்பிட்டு, "அண்ணன் படுத்த எடம், நீ படுத்துக்கய்யா. பாக்கியம்" என்றார். அவரும் துண்டை விரித்தார்.

"தம்பி, மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டேன்.

"வெரதம்ல அண்ணி. அது வீட்டுல இருக்கு."

உங்கள் வீட்டு ஆட்களை எனக்குத் தெரியாதா? அவர் மனைவியிடம் முன்னாலேயே வாங்கி என் பையில் வைத்திருந்தேன். எடுத்து நீட்டினேன். அவர் குருசாமி முகத்தைப் பார்த்தார்.

"ஒரு நா போடாட்டி ஒண்ணும் ஆகாதும்மா. சாமி பாத்துக்குவாரு."

"அப்ப ஒங்க கண்ணாடிய மட்டும் ஏன் போட்டுக்கிட்டு ஏறுனீங்க? கழட்டி வச்சுட்டு வந்திருக்கலாம்ல. வழியயும் சாமி பாத்துக்குவாருல்ல."

மலையில் வந்து பொம்பளை சத்தம் போடுகிறாளே என்று யாரோ முணுமுணுத்தார்கள். போட்டேன்தான். இவர் விழுங்குகிற வரைக்கும் இங்கே யாரும் படுக்க முடியாது என்றேன். தம்பி மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். குருசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

காலையில் தம்பிதான் என்னை எழுப்பினார். "அண்ணி, சுக்குக் காப்பி" என்று டம்ளரை நீட்டினார். வாங்கிக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்திருப்பார். சந்தோஷம்தான், ஆனால் உங்கள் மேல் இருந்த கோபம் அப்போதுதான் தலைக்கேறியது. ஒரு வாய் தண்ணீர். அவ்வளவுதானே வேலை?

இனி என் காதுபட யாராவது உங்களைக் கொடுத்து வைத்தவர் என்று சொல்லட்டும். மாத்திரை போடாமல் செத்தார் என்று சொல்வேன். நம் தெருவிலும் சொல்வேன், சாமிக்கு முன்னாலும் சொல்வேன். அடுத்த வருஷமும் ஏறுவேன். அந்தக் கொட்டகையில் கடைசி ஆள் மாத்திரை போட்ட பிறகுதான் நான் படுப்பேன். இது உங்கள் மேல் சத்தியம்.

இன்னும் சண்டை தீராத,
உங்கள் மனைவி
மல்லிகா