கார்த்திகையில் கதிர் சாய்ந்த வயல் குறித்து

அனுப்புநர்:
ராஜாத்தி, க/பெ. துரைராசு,
மேலத் தெரு, புளியங்காவல் கிராமம்,
கீழ்வேளூர் வட்டம்.

பெறுநர்:
உயர்திரு வடிகால் பராமரிப்புப் பொறியாளர் அவர்கள்,
கோட்ட அலுவலகம்.

பொருள்: வயலில் தேங்கிய நீரை வடியவிடக் கோருதல் – தேக்கம் இல்லை என்று முடித்துவைக்கப்பட்ட மனுவை மீண்டும் எடுத்துக்கொள்ள வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. புளியங்காவலில் எனக்கு ஆறு மா நஞ்சை உள்ளது. கார்த்திகை மழையில் வயல் முழுகி இன்றோடு ஆறு நாள். பக்கத்து வடிகாலை ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டிருப்பதால் தண்ணீர் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. 23ஆம் தேதி மனு கொடுத்தேன். நேற்று வந்த பதிலில், நீர்த் தேக்கம் இல்லை, பயிர் செழிப்பாக உள்ளது என்று கூறி, சான்றாக ஒரு புகைப்படமும் இணைத்திருந்தார்கள்.

2. படத்தில் இருப்பது என் வயல்தான். மோட்டார் கொட்டகையில் என் பெயர்கூடத் தெரிகிறது. ஆனால் எடுக்கப்பட்ட இடம் தஞ்சாவூர் புறவழிச்சாலையில் உள்ள பழைய அரிசி ஆலை. வயலுக்கு முன்னால் காதில் கருவி மாட்டிக்கொண்டு நிற்பவள் என் மகள் சுடர்விழி.

3. அந்த ஆலை இப்போது சினிமா படப்பிடிப்புக் கூடம். கூரை உயரத்துக்கு எல்இடி சுவர் வைத்து, கணினி வழியாக எந்த ஊரையும் அதில் கொண்டுவருகிறார்கள். கேமரா நகர்ந்தால் வரப்பும் கூடவே நகர்கிறது. சென்ற மார்கழிக் கடைசியில் என் வயலை ஒரு நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்துப் போனார்கள். சுவரை இயக்குவது என் மகள். வெயிலை ஏற்றுவதும் இறக்குவதும் அவள் விரலில் இருக்கிறது. பெருமை பேசுகிறேன், பொறுத்தருள வேண்டும்.

4. எனவே தங்கள் ஆய்வாளரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆடியில் கூடத்தைப் பார்க்கப் போன நானே ஏமாந்தேன். சுவரில் தெரிந்த கதிர்களுக்கு நடுவே ஒரு குதிரைவாலிப் புல் களையாக நீட்டிக்கொண்டு நின்றது. படப்பிடிப்பு நடப்பதையும் மறந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதைப் பிடுங்கப் போய்க் கையை இடித்துக்கொண்டேன். "அது சுவரும்மா" என்று மகள் ஓடிவந்தாள். முப்பது வருடம் அந்தச் சேற்றில் இறங்கியவளுக்கே இந்தக் கதி. சென்ற வாரம் கூடத்தார் எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு வெளியிட்ட காணொளியைச் செல்போனில் பார்த்து, அதிலிருந்தே படத்தை எடுத்துக்கொண்டவர் என்ன செய்வார்?

5. ஒன்றை மட்டும் அவர் கவனித்திருக்கலாம். படத்தில் கதிர் முற்றித் தலை சாய்ந்திருக்கிறது. கார்த்திகையில் எங்கள் சம்பா இன்னும் தூர் கட்டிக்கொண்டிருக்கும். நெல் விளையும் ஊரில் உத்தியோகம் பார்ப்பவருக்கு இது தெரியாமல் போனதில் எனக்கு வருத்தம்தான். குதிரைவாலியும் படத்தில் அப்படியே நிற்கிறது. வயலில் நின்றதை நான் சென்ற அறுவடைக்கு முன்பே பிடுங்கிவிட்டேன்.

6. இப்போது பயிரின் நுனி மட்டும் தெரிகிறது. இன்னும் மூன்று நாள் போனால் வேர் அழுகிவிடும். மறுபடி நட நாற்றும் இல்லை, பருவமும் இல்லை. மகளிடம் சொன்னேன். சுவராக இருந்தால் ஒரு நிமிடத்தில் வடித்துவிடுவேன் என்று சொல்லி அழுதாள்.

ஆகவே, முடித்துவைத்த மனுவை மீண்டும் எடுத்து, நாளைக்குள் ஆட்களை அனுப்பி ஆகாயத்தாமரையை அகற்றித் தருமாறும், தாங்களே நேரில் வந்து பார்க்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மோட்டார் கொட்டகை வரை வண்டி வரும். அங்கிருந்து கால்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இடம்: புளியங்காவல்
நாள்: 27.11.2025

தங்கள் வருகைக்காக வரப்பில் காத்திருக்கும்,
ராஜாத்தி

இணைப்பு: பதிலுடன் வந்த புகைப்படத்தின் நகல். குதிரைவாலியைச் சிவப்பு மையால் வட்டமிட்டுள்ளேன்.