காட்டு லில்லியின் பழகிய பெயர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்கு மாத்திரை போடுகிறாளா?

இங்கே ஒரு சின்னச் சண்டை, பயப்படாதீர்கள். உலர்ந்த செடிகளைத் தாளில் தைத்துப் பெயரிட்டு வைப்பதுதானே எங்கள் வேலை? அதில் ஒரு காட்டு லில்லி. எல்லோருக்கும் பழகிய அதன் அறிவியல் பெயருக்கு முன்பே, யாரோ ஒரு பழைய நூலில் வேறு பெயரை அச்சிட்டிருந்தது இப்போது தெரியவந்தது. முதலில் வைத்ததே செல்லும் என்பது விதி.

"பேர் அட்டையெல்லாம் மாத்திடும்மா. பந்திக்கு முந்தினவனுக்குத்தான் இலை" என்றார் எங்கள் துறைத் தலைவர்.

கூட்டங்களில் வாயே திறக்காத நான் எழுந்துவிட்டேன். "பேர் மாறினா காட்டுக் காவலருக்கே எந்தப் பூவைக் காப்பாத்தணும்னு குழப்பமாயிடும் சார். பழகின பேரையே வச்சுக்கலாமான்னு, செடிப் பேரை முடிவு பண்ற உலகக் குழுகிட்ட கேக்க விதியிலயே இடமிருக்கு."

"அப்ப நீயே எழுது. பதில் வர வருஷக்கணக்காகும்."

"காத்திருக்கேன் சார்."

எழுதி அனுப்பிவிட்டேன். முடிவு வரும்வரை அட்டைகளை மாற்ற விடமாட்டேன்.

அம்மாவின் பழைய பருத்திப் புடவை ஒன்று அனுப்புங்கள். தூசி துடைக்க என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் அழுவாள்.

இங்கே எல்லோரும் சான்றிதழில் உள்ள பெயரைச் சொல்லியே கூப்பிடுகிறார்கள். அடுத்தமுறை போனில், நலம் விசாரிக்கும் முன் ஒருதடவை "பாப்பா" என்று கூப்பிடுங்கள்.

தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

உங்கள்
பாப்பா