அட்டையில் எழுபத்து நாலரை

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே மூவரும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். லாண்டரியில் என்னோடு வேலை செய்கிறவளின் கணவர் நாளை மறுநாள் உன் ஊருக்கு விமானம் ஏறுகிறார், அவர் கையில் இந்தக் கடிதமும் நாலு ஜோடி காலுறையும் கொடுத்தனுப்புகிறேன், குளிரில் வெறுங்காலோடு திரியாதே. ஒரு நல்ல செய்தி, என் எடை எழுபத்து நாலரைக்கு வந்துவிட்டது. எழுபத்தைந்துக்குக் கீழே இறங்கினால் அப்பாவுக்கு என் சிறுநீரகத்தையே எடுத்து வைக்கலாம் என்று டாக்டர் சொன்னது உனக்கு நினைவிருக்கும். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே உன்னுடையதைக் கொடுக்கிறேன் என்று நீ கிளம்பி வர வேண்டாம், மாதக் கடைசியில் உன் கம்பெனிக்காரர்கள் நீட்டுகிற ஒப்பந்தத்தில் தைரியமாகக் கையெழுத்துப் போடு, இரண்டு வருஷம் ஓடுவதே தெரியாது.

அண்ணா, இதுவரைக்கும் அம்மா சொல்லச் சொல்ல எழுதியது. இனி நான் எழுதுகிறேன். லாண்டரியில் நீராவி இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துப் பிடித்து அம்மாவின் விரல்கள் மரத்துப்போனதும், அதிலிருந்து அவள் கடிதமெல்லாம் என் கையெழுத்தில் வருவதும் உனக்குத் தெரிந்ததுதான். இன்றைக்குப் பாதியிலேயே அவளுக்குக் கண் சொருகிவிட்டது. தாளைத் திருப்பி அடியில் தன் கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டு, "மீதிய நீயே நிரப்பிடுடி, நாலு வார்த்தை புத்தி சொல்லி நல்லா இருன்னு முடிச்சுடு, எப்பவும் சொல்றதுதானே" என்று படுத்துவிட்டாள். நான் குளியலறைக் கதவைத் தாழிட்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா இருமும்போதெல்லாம் பேனாவை நிறுத்திவிடுகிறேன். அம்மாவின் எடை எழுபத்து நாலரை இல்லை அண்ணா. எண்பத்தொன்றரை. இது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

எப்படி இப்படி ஆனது என்று சொல்கிறேன், கோபப்படாமல் படி. ஐந்து மாதத்துக்கு முன்னால் அம்மா ஜிம்மில் சேர்ந்தபோது எண்பத்தாறு. டயர் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது அந்த ஜிம், காலையில் ஒன்றரை மணி நேரம் பெண்களுக்கு மட்டும். தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறது என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். முதல் நாள் அப்பாவின் பழைய பனியனைப் போட்டுக்கொண்டு, மாடிப்படி ஏறினதிலேயே மூச்சு வாங்கி, "இன்னைக்கு இது போதும், வா போகலாம்" என்றாள். டிரெட்மில்லைப் பார்த்து, "நடக்கறதுக்கு ரோடு இருக்கறப்ப இதுக்கு எதுக்குக் கரண்டு" என்று கேட்டாள். பயிற்சி சொல்லித் தரும் அக்கா சிரித்துக்கொண்டே ஐந்தே நிமிடம் நடக்கவைத்தாள். "வேகமெல்லாம் வேண்டாம், பேசிக்கிட்டே நடக்க முடியுதா, அதான் உங்களுக்குச் சரியான வேகம்" என்று அந்த அக்கா சொன்னதை அம்மா அப்படியே பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து ஏறினது முதல் இறங்குகிற வரைக்கும் வாய் மூடுவதில்லை. பக்கத்து மெஷினில் ஓடும் வங்கிக்கார அக்காவுக்கு நீ எந்த வயதில் நடந்தாய், எந்த வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டாய் என்பதெல்லாம் இப்போது மனப்பாடம். ஐந்து நிமிடம் பத்தாகி இப்போது நாற்பது நிமிடம் நடக்கிறாள். முழங்கால் வலிக்கிறது என்று என்னிடம் மட்டும் சொல்வாள். "முப்பது வருஷம் பஸ் ஓட்டின நானே இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டேன், உங்கம்மா நடந்த நடைக்கு இந்நேரம் உங்கண்ணன் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கணும்" என்று அப்பா சொன்னார். டயாலிசிஸ் முடிந்து வந்து சுருண்டு படுத்திருந்த நாள் அது, அப்படியும் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

சனிக்கிழமை எடை பார்க்கிற நாள். அங்கே இருப்பது பழைய முள் தராசு. அம்மாவுக்குக் குனிந்தால் தன் வயிறுதான் தெரியும், முள் தெரியாது, அதோடு பயம் வேறு. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஏறி, "பாத்துச் சொல்லுடி, மெதுவாச் சொல்லு" என்பாள். நான் பார்த்துச் சொல்லி, சுவரில் தொங்கும் அவளுடைய அட்டையில் எழுதுவேன். முதல் இரண்டு வாரம் கொஞ்சம் குறைந்தது. மூன்றாவது வாரம் கால் கிலோ கூடியிருந்தது. அதற்கு முந்தின வாரம் முழுக்க அவள் இரவுச் சாப்பாட்டில் ஒரு முட்டையோடு எழுந்துவிட்டாள் அண்ணா, சீனி இல்லாத டீயை மருந்து மாதிரி குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற அந்த முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. "அரைக் கிலோ குறைஞ்சிருக்கும்மா" என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அடுத்த வாரம் உண்மையைச் சொன்னால் திடீரென்று கூடின மாதிரி ஆகிவிடும் இல்லையா, அதனால் அந்தப் பொய்க்குக் கீழே இன்னொரு பொய். இப்படியே இருபது வாரம். அந்தப் பயிற்சி அக்கா ஒருநாள் அட்டையைப் பார்த்துவிட்டு, "அம்மா, அட்டையில இளைச்ச அளவுக்கு ஆளு இளைக்கலையே" என்று கிண்டல் செய்தபோது நான் அட்டையைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினேன். அம்மாவும் உடனே, "ஆமாடி, பாவாடை இடுப்பு இன்னும் இறுக்கமாத்தான் இருக்கு" என்றாள். அன்று மாலை அவள் வேலையிலிருந்து வருவதற்குள் பாவாடைக் கொக்கியைப் பிரித்து இரண்டு விரல் தள்ளித் தைத்துவிட்டேன். மறுநாள் போட்டுப் பார்த்துவிட்டு அப்பாவிடம் ஓடிப்போய் இடுப்பைச் சுற்றிக் காட்டினாள். அப்பா கையைத் தட்டினார். நான் பள்ளிக்கூடப் பையைத் தேடுகிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

உண்மையிலேயே அவள் நாலரைக் கிலோ குறைத்திருக்கிறாள். அந்த முழங்காலோடு, எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துகொண்டு, நாலரைக் கிலோ. அதற்கு யாரும் அவளை ஒரு வார்த்தை பாராட்டவில்லை, என் பொய்யைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் ஏற்றப்போகிற தராசில் எண் பெரிதாக, சிவப்பாக எரியும். அதற்கு முன்னால் நான் செத்துப்போனால் தேவலை என்றுகூடப் போன வாரம் நினைத்தேன், பயப்படாதே, இப்போது அப்படி நினைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அம்மா எழுத விடாதது. இந்த மாதத்தில் இரண்டு தடவை அப்பாவுக்குக் கையில் டயாலிசிஸ் ஊசி ஏறுகிற இடம் அடைத்துக்கொண்டது. டாக்டர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "இதையே நம்பி ரொம்ப நாள் தள்ள முடியாதும்மா" என்றதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். வழியில், அண்ணனைக் கூப்பிடலாமா என்று கேட்டதற்கு, "அவன் வயசுப்பிள்ளை, அவன் உடம்புல கத்தி வைக்க நான் இருக்கற வரைக்கும் விட மாட்டேன், வாயைத் திறந்தே, தெரியும் சேதி" என்றாள். வீடு வரும்வரை என் கையை விடவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் இதைச் சொல்ல வழியில்லை, அம்மா ஸ்பீக்கரைப் போட்டு நடுவில் உட்கார்ந்திருப்பாள். நாளை சனிக்கிழமை. ஜிம்முக்குப் போகிற வழியில் பொட்டலத்தை அந்த மாமா வீட்டில் கொடுக்கிறோம். அது கை மாறின பிறகு அம்மா கண்ணை மூடிக்கொண்டு தராசில் ஏறும்போது எண்பத்தொன்றரை என்று சொல்லப் போகிறேன். கடிதத்துக்கு முன்னால் சொன்னால் இதைக் கிழித்துவிட்டு வேறு எழுதச் சொல்வாள், அதிலும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு என்றுதான் இருக்கும். அடிப்பாளா, பேசாமல் இருந்துவிடுவாளா, தெரியவில்லை. பேசாமல் இருந்துவிட்டால்தான் பயம்.

அண்ணா, நான் உன் உடம்பைக் கேட்கவில்லை. அதைக் கேட்க எனக்கு வாய் வராது, அது நீயும் டாக்டரும் பேச வேண்டியது. என் வயது போதாது என்று சொல்லிவிட்டார்கள், இல்லையென்றால் உனக்கு இதை எழுதியே இருக்க மாட்டேன். இனி ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொன்னால் நம்பாதே, பின்னால் என் சத்தம் கேட்கிறதா என்று பார், கேட்காவிட்டால் அது உண்மையில்லை.

இடம் முடிந்துவிட்டது, அவள் கையெழுத்தின் தலை இடிக்கிறது. அவள் சொல்லச் சொன்ன புத்திமதியையும் சொல்லிவிடுகிறேன். வேளைக்குச் சாப்பிடு. காலுறை போடு. நல்லா இரு. கீழே இருப்பது அம்மாவின் கையெழுத்துதான், மேலே என்ன வரப்போகிறது என்று தெரியாமலே என்னை நம்பிப் போட்டுவிட்டாள். நீ அப்படிப் போட்டுவிடாதே.

இப்படிக்கு,
அம்மா