ஒரு கையெழுத்து போதும்

மொடெஸ்டோ, ஏப்ரல் 22

அன்புள்ள அப்பாவுக்கு,

மரிசெலா எழுதுகிறேன். உங்கள் போன் எண் மாறிவிட்டது. இந்த முகவரியைச் சித்தப்பாவிடம் கெஞ்சி வாங்கினேன். நலம்தானே? அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. நான் பெரியம்மா ஒதிலியா வீட்டில் இருக்கிறேன்.

இரண்டு வருடப் படிப்பு மட்டும் உள்ள இங்கத்திய சமூகக் கல்லூரியில் அதை முடித்துவிட்டேன். மூன்றாம் வருடத்துக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது, அப்பா. மண்ணியல் படிப்பு. வருகிறேனா இல்லையா என்று ஜூன் ஒன்றுக்குள் சொல்ல வேண்டும். அரசு உதவித்தொகை இல்லாமல் நான் போக வழியே இல்லை. அதற்கு இருபத்து நாலு வயதுவரை பெற்றவரின் வருமான விவரமும் கையெழுத்தும் கட்டாயம். எனக்கு இருபதுதான். பெரியம்மா போட்டால் செல்லாது. நீங்கள் ஒரு காசும் தர வேண்டாம், இது கடனும் இல்லை. ஒரு கையெழுத்து போதும்.

உங்கள் மகள்,
மரிசெலா

எல்கோ, மே 1

என் செல்லக் கண்ணு மரிசெலாவுக்கு,

உன் கடிதம் பார்த்து அப்பாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் மகள் பல்கலைக்கழகத்தில்! சுரங்க வேலையில் முழங்கால் போய்விட்டது, இங்கே இன்னும் பனி. உன்னை நினைக்காத நாள் இல்லை.

கையெழுத்து விஷயம்தான் சிக்கல். இப்படித்தான் முதலில் கையெழுத்து என்பார்கள், பிறகு வீட்டையே பிடிப்பார்கள். இங்கே என் மனைவி ஷெர்லினின் சம்பளமும் வெளியே வரும். அவளுக்கு உன்னைப் பற்றித் தெரியாது, கண்ணு. ஒன்று செய். ஒதிலியாவையே உன் அம்மா என்று எழுதிப் போடச் சொல். யார் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள்?

ஆசீர்வாதங்களுடன்,
அப்பா

மொடெஸ்டோ, மே 7

அப்பா,

செத்துப்போன அம்மாவின் பெயரில் பெரியம்மா பொய்க் கையெழுத்துப் போட வேண்டுமா? தக்காளி ஆலையில் பத்து மணி நேரம் நின்று வருகிறவர் அவர். உங்கள் வீடு பிழைக்க அவர் ஜெயிலுக்குப் போக வேண்டுமா? கடிதத்தைப் படித்துக் காட்டியபோது அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "தூ. இவனுக்குப் போய் அழுதாளே உங்கம்மா."

கல்லூரியில் உதவித்தொகை பார்க்கிற தாவோ அம்மா உங்களிடம் போனில் விளக்கத் தயாராக இருக்கிறார். வீட்டை யாரும் பிடிக்க மாட்டார்கள். நாள் நெருங்குகிறது. நெஞ்சு நிறைந்தது என்றீர்களே, அதில் ஒரு ஓரம் எனக்கு இருந்தால் கையெழுத்துப் போடுங்கள்.

மரிசெலா

எல்கோ, மே 13

மரிசெலா,

உன் கடிதத்தை ஷெர்லின் எடுத்துப் பிரிக்கப் போனாள். நல்ல வேளை, நான் பிடுங்கிவிட்டேன். எனக்குப் பிள்ளை இல்லை என்று ஒன்பது வருடமாகச் சொல்லி வைத்திருக்கிறேன், அப்படியே இருக்கட்டும். உனக்குப் பதினொரு வயதானதிலிருந்து உன்னைப் பார்த்ததில்லை, வளர்த்ததில்லை, ஒன்றும் தந்ததில்லை. இனியும் தர மாட்டேன். நான் செத்துவிட்டதாக நினைத்துக்கொள். எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட மாட்டேன். இந்த முகவரிக்கு எழுதாதே.

எலிசெயோ பராகான்

மொடெஸ்டோ, மே 30

திரு. எலிசெயோ பராகான் அவர்களுக்கு,

இது கடைசி. உங்கள் மனைவி கண்ணில் படாமல் இருக்கச் சித்தப்பா கையில் கொடுத்தனுப்புகிறேன்.

கையெழுத்துப் போட மறுக்கிற அப்பாவுக்கு விதியில் இடமில்லை. கைவிட்டுப் போன அப்பாவுக்கு உண்டு. அதை நிரூபித்தால் பிள்ளை தனியாளாக விண்ணப்பிக்கலாம். பெரியம்மாவும் பாதிரியாரும் எழுதிக் கொடுத்தார்கள். அது போதாது என்று திருப்பிவிட்டார்கள். அப்புறம்தான் உங்கள் கடிதம் வந்தது.

தாவோ அம்மா படித்துவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "இதைவிடத் தெளிவா யாரும் எழுத முடியாதும்மா," என்றார். பல்கலைக்கழகத்தில் மூன்று பேர் அதைப் படித்தார்களாம். தேதி இருக்கிறது, வருடக்கணக்கு இருக்கிறது, கீழே முழுப் பெயரில் கையெழுத்தும் இருக்கிறது. நேற்று பதில் வந்தது. முழு உதவித்தொகை. வருகிறேன் என்று இன்று காலை சொல்லிவிட்டேன்.

பெரியம்மா கேக் வாங்கி வந்தார். எனக்கு இறங்கவில்லை. உங்கள் அசிங்கத்தை ஊரார் மேசையில் நானே பரப்பி அதற்குக் கூலி வாங்கியதுபோல் அருவருப்பாக இருக்கிறது. போகப் போகச் சரியாகிவிடும் என்கிறார் பெரியம்மா.

அடுத்த வருடமும் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் அப்பா பெயர் என்ன என்று இனி என்னைக் கேட்க மாட்டார்கள்.

மரிசெலா