சூரியகாந்தி விதை தின்ற ஆறு பசுக்கள்

அனுப்புநர்:
உறுப்பினர் எண் 37,
தகரக் கொட்டகையும் ஆறு பசுக்களும் உள்ள வீடு,
பால் சங்கத்துக்குப் பின் தெரு.

பெறுநர்:
துணை இயக்குநர் அவர்கள்,
பால்வளத் துறை அலுவலகம்.

பொருள்: பாலில் எண்ணெய் கலந்ததாக என்மீது சுமத்தப்பட்ட பழி – நேரில் வந்து, கறக்கவைத்துப் பரிசோதிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பதினோரு ஆண்டுகளாகச் சங்கத்துக்குப் பால் ஊற்றி வருகிறேன். எங்கள் கேன் பாலை மட்டும் சங்கத்திலேயே தனியே கடைந்து, அந்த வெண்ணெயை முக்குப் பேக்கரிக்கு அனுப்புவது மூன்று ஆண்டு வழக்கம். பேக்கரி அம்மாள் வேறு வெண்ணெயைத் தொடமாட்டார். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்ததையும் மறைக்க விரும்பவில்லை.

2. சென்ற மாதம் ஒரு பிறந்தநாள் கேக்கின் மேல் வைத்த வெண்ணெய் ரோஜாக்கள், வாங்க ஆள் வருவதற்குள் சரிந்து, குழந்தையின் பெயரில் பாதியை மூடிவிட்டன. பேக்கரி அம்மாள் கேக்கும் கையுமாகச் சங்கத்துக்கே வந்துவிட்டார். பால் பரிசோதகர் என் வெண்ணெயை உருக்கிக் கருவியில் வைத்துப் பார்த்தார். முள் வரம்பைத் தாண்டி நின்றது. சமையல் எண்ணெய் கலந்தால்தான் அப்படி நிற்குமாம். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "பால் பொய் சொல்லாதும்மா, ஆளுங்கதான் சொல்வாங்க" என்று கருவியைத் துடைத்து வைத்துவிட்டார். அன்றே அறிவிப்புப் பலகையில் 'எண் 37 – எண்ணெய்க் கலப்படம்' என்று எழுதப்பட்டது. பலகை கூரைக்கு உள்ளே இருப்பதால் மழையும் அதை அழிக்கவில்லை. வரும் 21ஆம் தேதிக் கூட்டத்தில் என் உறுப்பினர் எண்ணையே நீக்கப் போகிறார்கள்.

3. ஐயா, எண்ணெய் சேர்ந்தது உண்மை. ஆனால் அது கேனில் சேரவில்லை. மாட்டின் வாய் வழியாகச் சேர்ந்தது. என் கொழுந்தனார் எண்ணெய் ஆலையில் மூட்டை ஏற்றுபவர். அங்கே சிந்திக் கூட்டி அள்ளும் சூரியகாந்தி விதையை, அண்ணி வீட்டு மாடுகளுக்கு ஆகட்டுமே என்று சாக்கில் கட்டிக் கொண்டுவந்து போட்டார். பசுக்கள் தொட்டியை நக்கி வழித்துவிட்டன. தோல் மினுமினுத்தது. அவை ஆசையாகத் தின்கின்றனவே என்று நானும் அளவு பார்க்காமல் இரண்டு வேளையும் அள்ளிப் போட்டு, உலர்புல்லைக் குறைத்தேன். தவறு என்றால் இதுதான் என் தவறு.

4. கால்நடை மருத்துவரிடம் கேட்டேன். மாடு தின்னும் கொழுப்பு எப்படிப்பட்டதோ, பாலின் கொழுப்பும் அந்தப் பக்கம் சாயும் என்றார். சூரியகாந்தி விதையின் எண்ணெய் குளிரிலும் உறையாது. அதை அளவுக்கு மீறித் தின்ற மாட்டின் வெண்ணெயும் இளகித்தான் இருக்கும் என்று விளக்கினார். இதையே எழுத்தில் தாருங்கள் என்றதும், அதற்குத் தங்கள் அலுவலகத்தின் அனுமதி வேண்டும் என்று பேனாவை மூடிவிட்டார். ஆகவேதான் தங்களுக்கு இம்மனு.

5. நானே ஒரு சோதனையும் செய்தேன். மூன்று வாரமாக, கோணக்கொம்பி என்று நாங்கள் அழைக்கும் பசுவுக்கு மட்டும் விதை. மற்ற ஐந்துக்கும் பழையபடி புல்லும் தவிடும். இரண்டு வகைப் பாலையும் தனித்தனியே கடைந்து, வெண்ணெயை இரு டப்பாக்களில் இத்துடன் இணைத்துள்ளேன். முதல் டப்பாவைக் கத்தியால் வெட்டலாம். கோணக்கொம்பியின் டப்பாவுக்குக் கரண்டி தேவைப்படும். இம்மனுவின் ஓரத்தில் கறை இருந்தால் அது அந்த இரண்டாவது டப்பாவின் வேலை. என் அலட்சியம் என்று கருத வேண்டாம்.

6. ஆகவே தாங்களோ தங்கள் அலுவலரோ 21ஆம் தேதிக்கு முன் என் கொட்டகைக்கு வரவேண்டும். பாத்திரம் தங்களுடையதாக இருக்கட்டும். மாட்டையும் தாங்களே தேர்ந்தெடுங்கள். தங்கள் கண் எதிரே கறந்து, தங்கள் கையாலேயே கடைந்து பார்க்க வேண்டுகிறேன். கோணக்கொம்பி புதியவர்களை உதைப்பாள் என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன்.

7. கடைசியாக ஒன்று. இதை எழுதலாமா கூடாதா என்று இரண்டு நாள் யோசித்தேன். பலகையில் எழுதியதை நான் பொறுத்துக்கொண்டேன். பேக்கரி அம்மாள் எதிரே வந்தும் பார்க்காததுபோல் போனதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் பதினோரு ஆண்டுகளாக நான் கறந்த பாலைச் சங்கத்துக்குச் சுமந்த என் கணவர், போன வாரம் சாப்பிட்டுக்கொண்டே, தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "நெஜமாவே நீ ஒண்ணும் ஊத்தலையே?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஆய்வின் முடிவு எதுவானாலும், அதைச் சங்கத்துக்குத் தபாலில் அனுப்பும் முன், அவர் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து வந்து, தங்கள் வாயாலேயே அவரிடம் சொல்லிவிட்டுப் போகும்படி மிகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: மாட்டுக் கொட்டகை
நாள்: 9ஆம் தேதி, காலைக் கறவை முடிந்தபின்

தங்கள் வரவை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
உறுப்பினர் எண் 37